நமக்குள் எதற்குப் பத்திரம்?

கூட்டு வியாபாரம் நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு விதமான பதில் வரும்.

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்பார் ஒருவர்.

"கூட்டு வியாபாரமா? வேண்டவே வேண்டாம்! பணமும் போகும், சிநேகிதமும் போகும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

தமிழில் "பங்காளி" என்று ஒரு சொல் இருக்கிறது. பங்கு உடையவன் பங்காளி. ஆனால், அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? சண்டைதான்! வரப்புச் சண்டை, கிணற்றுச் சண்டை, பாகப்பிரிவினைச் சண்டை!

பங்கு இருக்கிற இடத்தில் சண்டையும் இருக்கும் என்று நம் பாட்டன்மார் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சண்டை வருவது பங்கினால் அல்ல. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெளிவாக இல்லாததினால்!

ஆகவே, என் அபிப்பிராயம் இது: நண்பருடன் சேர்ந்து தாராளமாகத் தொழில் செய்யலாம். ஆனால், கடை திறக்கும் முன்பே எல்லாவற்றையும் எழுதிக் கொள்ள வேண்டும். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் கூட்டு வியாபாரத்தில் இறங்கவே கூடாது.

ஏன் இப்படிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்? கேளுங்கள்.

இரண்டு நண்பர்கள்

தியாகராய நகரில் இரண்டு நண்பர்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். சிறு வயது முதல் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு நாள் மாலை, பனகல் பூங்காவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு துணிக் கடை வைப்பது என்று முடிவாகிறது.

மூத்தவரிடம் பணம் இருக்கிறது. அவர் 8 லட்சம் ரூபாய் போடுகிறார்.

இளையவரிடம் பணம் இல்லை. ஆனால் தொழில் தெரியும். மனைவியின் நகையை அடகு வைத்து 2 லட்சம் ரூபாய் கொண்டு வருகிறார்.

"அண்ணே, ஒரு பத்திரம் எழுதிக் கொள்ளலாமா?" என்று இளையவர் மெதுவாகக் கேட்கிறார்.

மூத்தவர் சிரிக்கிறார்.

"என்னப்பா இது! நமக்குள் எதற்குப் பத்திரம்?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. கடை திறந்தாயிற்று.

இளையவர் காலை 9 மணிக்குக் கடைக்கு வருவார். இரவு 10 மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார். மூத்தவர் மாலையில் வந்து ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஓர் ஆண்டு முடிந்தது. செலவு எல்லாம் போக, 2 லட்சம் ரூபாய் லாபம் நின்றது.

இப்போதுதான் சங்கடம் ஆரம்பம்!

"பத்தில் எட்டுப் பங்கு முதல் என்னுடையது. ஆகவே, லாபத்திலும் எட்டுப் பங்கு எனக்கு" என்று மூத்தவர் நினைக்கிறார்.

"பணம் போட்டால் போதுமா? ராப் பகலாக உழைத்தது யார்? முதலில் எனக்குச் சம்பளம். மீதியில்தான் பங்கு" என்று இளையவர் நினைக்கிறார்.

இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. இரண்டு பேர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கூட்டு வியாபாரத்துக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1932-ம் ஆண்டு வந்த சட்டம். இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

கூட்டாளிகள் தங்களுக்குள் எந்த ஏற்பாடும் செய்து கொள்ளவில்லை என்றால், லாபம் எல்லோருக்கும் சமம் என்கிறது அந்தச் சட்டம். நஷ்டமும் சமம். யார் எவ்வளவு முதல் போட்டார் என்று அது பார்ப்பது இல்லை.

அதாவது, 8 லட்சம் போட்டவருக்கு ஒரு லட்சம். 2 லட்சம் போட்டவருக்கும் ஒரு லட்சம்.

"அப்படியானால் இளையவருக்கு நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம்.

அவசரப்படாதீர்கள். கூட்டாளி எவ்வளவு உழைத்தாலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்குச் சம்பளம் கிடையாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஓர் ஆண்டு உழைப்புக்குத் தனியாக ஒரு காசும் கேட்க முடியாது. கடை நஷ்டப்பட்டால், அதில் பாதியை அவரும் தாங்க வேண்டும்.

ஆக, சட்டத்தின் தீர்ப்பு இருவருக்குமே கசக்கும். இருவருமே ஏமாந்ததாக நினைப்பார்கள். மறு நாள் முதல் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ஒரு தாளில் நாலு வரி எழுதி இருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்குமா?

"தாட்சணியம் தன நாசம்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வீடும் போகும்!

இன்னொரு விஷயம். இது பலருக்குத் தெரியாது.

கடை பட்ட கடனுக்குக் கூட்டாளிகள் எல்லோரும் பொறுப்பு. சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு.

நீங்கள் கடையில் 2 லட்சம்தான் போட்டிருக்கலாம். கடைக்கு 20 லட்சம் கடன் ஏற்பட்டு, உங்கள் கூட்டாளி கையை விரித்து விட்டால், கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். முழுக் கடனையும் உங்களிடமே கேட்கலாம். "நான் பணம் மட்டும்தான் போட்டேன். கடைப் பக்கமே போனது இல்லை" என்று சொன்னால் செல்லாது.

கடை வேலையாக உங்கள் கூட்டாளி போடும் கையெழுத்து, உங்களையும் கட்டும்.

இதற்குச் சென்னை நகரமே ஒரு பெரிய பாடத்தைக் கண்டிருக்கிறது.

ஆர்பத்நாட் கம்பெனி

நூறு ஆண்டுகளுக்கு முன், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்றால் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களின் பெரிய வியாபார ஸ்தாபனம். கூட்டாளிகள் சேர்ந்து நடத்தியது. வங்கித் தொழிலும் செய்தது. அரசாங்க உத்தியோகஸ்தர்கள், விதவைகள், சிறு வியாபாரிகள் எல்லோரும் தங்கள் சேமிப்பை அங்கே போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்பெனியின் லண்டன் கூட்டாளி மக்பேடியன் என்பவர். அவர் அங்கே இருந்து கொண்டு சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். பணம் போயிற்று. 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம், ஓடும் ரயிலின் முன் விழுந்து அவர் உயிரை மாய்த்துக் கொண்டார். லண்டன் கம்பெனி விழுந்தது. சில நாட்களிலேயே சென்னைக் கம்பெனியும் கதவை மூடியது.

ஆயிரக் கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன.

சென்னைக் கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. மோசடிக்காக அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. "சர்" பட்டம் பெற்ற வெள்ளைக்காரப் பெரிய மனிதர், சிறைக்குப் போனார்!

இதில் இருந்து நாம் கற்க வேண்டியது என்ன?

கூட்டாளி எங்கே இருந்தாலும், அவர் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். "அவர் பெரிய மனிதர், அவரைப் போய்க் கேட்பதா?" என்று இருந்தால், ஒருவர் செய்த தப்பு எல்லோரையும் கவிழ்க்கும்.

இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவும் உண்டு. மயிலாப்பூரைச் சேர்ந்த புகழ் பெற்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர். ஆர்பத்நாட் கம்பெனியில் பணம் இழந்தவர்களுக்காக வாதாடியவர். "நமக்கு என்று ஒரு வங்கி வேண்டும்" என்று அவர் நினைத்தார். நண்பர்களைத் திரட்டினார். நகரத்தார் துணை நின்றார்கள். 1907-ம் ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வேலையைத் தொடங்கியது.

அது தனிக் கூட்டு வியாபாரம் அல்ல. பலர் பங்கு போட்ட கம்பெனி. இத்தகைய கம்பெனியில் பங்கு வாங்கியவருக்கு, பங்குப் பணத்தோடு பொறுப்பு முடிந்து விடும். வீட்டுக்கு ஆபத்து வராது.

இப்போது சிறு தொழிலுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. 2008-ம் ஆண்டு ஒரு புதிய சட்டம் வந்தது. எல்.எல்.பி. என்று சொல்லுகிறார்கள். பொறுப்புக்கு வரம்பு கட்டிய கூட்டு என்று பொருள். ஆண்டு தோறும் அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் செலவும் ஆகும். ஆனாலும், பெரிய கடன் வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்காளரிடம் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

ஒன்றே முக்கால் ரூபாய்

கூட்டு என்றாலே அழிவு என்று நினைத்து விடாதீர்கள்.

1878-ம் ஆண்டு, திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள். நாலு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். கையில் காசு இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள்.

அதுதான் "இந்து" ஆங்கிலப் பத்திரிகை!

மாணவர்கள் நாலு பேரும் படிப்பை முடித்துத் தங்கள் தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியாரும் சேர்ந்து பத்திரிகையை வளர்த்தார்கள். 20 ஆண்டுகள் கூடி உழைத்தார்கள். 1898-ம் ஆண்டு பிரிந்தார்கள்.

பிரிந்ததால் என்ன ஆயிற்று? பத்திரிகை செத்துப் போகவில்லை. வீரராகவாச்சாரியார் அதைத் தொடர்ந்து நடத்தினார். 1905-ம் ஆண்டு கஸ்தூரி ரங்க அய்யங்கார் அதை 75 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். சுப்பிரமணிய அய்யர், தாம் தொடங்கிய "சுதேசமித்திரன்" தமிழ்ப் பத்திரிகையில் ஊன்றி உழைத்தார்.

பிரிவு என்பது தோல்வி அல்ல. மனிதர்களுடைய வழி மாறும். கருத்து மாறும். குடும்ப நிலைமை மாறும். பிரியும்போது தொழிலை உடைக்காமல் பிரிய வேண்டும். அதுதான் முக்கியம்.

கல்யாணத்தின்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம். வியாபாரத்தில் அப்படி அல்ல. சேருகிற நாளில்தான் பிரிவைப் பற்றிப் பேச வேண்டும். அன்றைக்குத்தான் இருவர் மனமும் நல்லபடி இருக்கும்!

பேனாவும் பெட்டிச் சாவியும்

இன்னொரு நல்ல கூட்டைப் பாருங்கள்.

எழுத்தாளர் கல்கியும் சதாசிவமும் விடுதலைப் போரில் ஈடுபட்டவர்கள், சிறை சென்றவர்கள். "ஆனந்த விகடன்" பத்திரிகையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பிறகு, சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தத் துணிந்தார்கள். 1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "கல்கி" வார இதழ் பிறந்தது.

முதலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி, "சாவித்திரி" என்ற படத்தில் நாரதராக ஆண் வேடத்தில் நடித்தார். அந்த வருமானம் பத்திரிகைக்கு உதவியது.

கல்கியின் கையில் பேனா. சதாசிவத்தின் கையில் நிர்வாகம். இருவருக்கும் இரண்டு வேலை. கல்கி தம் புகழ் பெற்ற சரித்திரக் கதைகளை அந்த இதழில்தான் தொடர்ந்து எழுதினார். 1954-ம் ஆண்டு அவர் மறையும் வரை அந்தக் கூட்டு நிலைத்து நின்றது.

நல்ல கூட்டுக்கு அடையாளம் இதுதான். இரண்டு பேருக்கும் ஒரே திறமை இருந்தால், ஒருவர் மிகை! ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருக்க வேண்டும். நன்றாகச் சமைப்பவரும் நன்றாகக் கணக்கு எழுதுபவரும் சேர்ந்தால் ஓட்டல் நடக்கும். நன்றாகச் சமைப்பவர்கள் இருவர் சேர்ந்தால், சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்பதிலேயே சண்டை வரும்!

என்ன எழுத வேண்டும்?

பத்திரம் என்றதும் பயப்பட வேண்டாம். எளிய தமிழில் எழுதலாம். கீழே உள்ளவை அதில் இருந்தால் போதும்.

யார், எவ்வளவு முதல் போட்டார்?

லாபத்திலும் நஷ்டத்திலும் யாருக்கு எவ்வளவு பங்கு?

உழைப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டா? எவ்வளவு?

சொந்தச் செலவுக்கு மாதம் எவ்வளவு எடுக்கலாம்?

கடன் வாங்க யார் கையெழுத்துப் போட வேண்டும்? (இருவரும் போட வேண்டும் என்று எழுதுவது நல்லது.)

கணக்கை எந்தத் தேதியில் சேர்ந்து பார்ப்பது?

ஒருவர் விலகினால், அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது? எத்தனை மாதத்தில் கொடுப்பது?

ஒருவர் இறந்து போனால் என்ன செய்வது?

எழுதியதோடு நிற்கக் கூடாது. பதிவுத் துறையில் கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வர வேண்டிய வியாபாரப் பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது. பதிவு செய்யாத கூட்டில், ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளி மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடுவதும் கஷ்டம்.

கூட்டில் இருந்து விலகுகிறவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், பிறகு ஏற்படும் கடனுக்கும் அவரைப் பொறுப்பாக்க இடம் உண்டு.

வீட்டில் சொல்லுங்கள்

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை.

உங்கள் நகை அடகுக் கடைக்குப் போகிறது என்றால், அது எந்தப் பத்திரத்தின் பேரில் போகிறது என்று கேளுங்கள். "உனக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் இரு" என்று கணவர் சொன்னால், "தெரியாததினால்தான் கேட்கிறேன். படித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள்.

இது சண்டை அல்ல. உங்கள் உரிமை.

ஒரு கூட்டாளி இறந்தால், வேறு ஏற்பாடு இல்லாத வரை, அந்தக் கூட்டு முடிந்தது என்பதே சட்டம். அப்போது இறந்தவரின் பங்கை அவர் குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால், கணக்கு எங்கே இருக்கிறது என்றே மனைவிக்குத் தெரியாவிட்டால்? யாரிடம் போய்க் கேட்பாள்? எதைக் காட்டிக் கேட்பாள்?

பத்திரத்தின் ஒரு நகல் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். அது நகையைவிடப் பெரிய பாதுகாப்பு.

முதலில் நம்மைத் திருத்துவோம்

நல்ல கூட்டாளி கிடைக்கவில்லை என்று பலர் குறை சொல்லுகிறார்கள். "நான் நல்ல கூட்டாளியா?" என்று கேட்டுக் கொள்பவர்கள் குறைவு.

தொழிலில் முன்னுக்கு வர நினைப்பவர், தம்மிடம் சில பழக்கங்களை உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

முதலாவது, கணக்கு. கல்லாப் பெட்டியில் இருக்கும் பணம் எல்லாம் லாபம் அல்ல. அதில் சரக்குக் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது இருக்கிறது. வாடகை இருக்கிறது. வரி இருக்கிறது. இது தெரியாமல், கல்லாவில் கை வைத்து வீட்டுச் செலவு செய்பவர்கள், தம் கடையைத் தாமே கொள்ளை அடிக்கிறார்கள். இப்போது பணம் செல்போன் வழியாக வருகிறது. கண்ணுக்கே தெரியாமல் வருகிறது, தெரியாமல் போகிறது! ஆகவே, கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று வங்கியில் தனித்தனியாக வையுங்கள். அன்றாட வரவு செலவை அன்று இரவே எழுதுங்கள்.

இரண்டாவது, கெட்ட செய்தியை முதலில் சொல்லும் துணிவு. சரக்குத் தேங்கி விட்டதா? ஒருவர் பாக்கி தராமல் ஓடி விட்டாரா? கூட்டாளியிடம் அன்றே சொல்லி விடுங்கள். வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்து கொண்டால், போன பணத்தோடு நம்பிக்கையும் போகும்.

மூன்றாவது, நாவடக்கம். வேலையாட்கள் முன்னாலும் வாடிக்கைக்காரர்கள் முன்னாலும் கூட்டாளியைக் குறை சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியதைக் கடையை மூடிய பிறகு, நேருக்கு நேர் சொல்லுங்கள்.

நாலாவது, கற்பது. தெரிந்ததை வைத்துக் கொண்டே காலம் தள்ள முடியாது. கிண்டி தொழிற்பேட்டைப் பகுதியில், தொழில் முனைவோருக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் அங்கே போய் விசாரிக்கலாம். விசாரிப்பதில் வெட்கம் இல்லை.

தேர் ஓட வேண்டும்

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். கபாலீசுவரர் தேர், மாட வீதிகளில் அசைந்து அசைந்து வரும்.

அந்தத் தேரை ஓர் ஆள் இழுக்க முடியாது. ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும்.

ஆனால், ஊர் கூடினால் மட்டும் போதுமா? எல்லோரும் ஒரே பக்கம் இழுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் விழிப்போடு நிற்க வேண்டும். திருப்பத்தில் தேர் திரும்புவது அந்தக் கட்டையினால்தான். கட்டை, தேரைத் தடுப்பதற்காக அல்ல. தேர் வீட்டுச் சுவரில் மோதாமல் இருப்பதற்காக!

கூட்டு வியாபாரத்தில் பத்திரம் என்பதும் அந்தக் கட்டைதான்.

ஆகவே, "நமக்குள் எதற்குப் பத்திரம்?" என்று உங்கள் நண்பர் சிரித்துக் கொண்டே கேட்டால், நீங்களும் சிரித்துக் கொண்டே பதில் சொல்லுங்கள்:

"நாம் கடைசி வரை நண்பர்களாக இருக்க வேண்டும். அதற்குத்தான்!"